எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கின நாம ரெயூனியோன் பிளாத்தோல ஏன் தடுமாறுறோம்: என்ன நடந்தா எதை சரி பண்ணணும்

பாண்டிச்சேரியிலயோ காரைக்கால்லயோ யாழ்ப்பாணத்துலயோ வருசக்கணக்கா வண்டி ஓட்டிட்டு இங்க ரெயூனியோன் தீவுக்கு (இந்தியப் பெருங்கடல்ல இருக்குற பிரெஞ்சுத் தீவு) வந்து சேர்ந்த நம்மாளுங்க மோட்டோ எக்கோல்னு சொல்ற மோட்டார் சைக்கிள் பயிற்சிப் பள்ளி வாசல்ல நின்னு சொல்றது ஒண்ணே ஒண்ணுதான், "ஓட்டத் தெரியும்ங்க, பெர்மி பேப்பர் மட்டும் தான் வேணும்". பெர்மின்னா லைசென்ஸ். அப்பறம் பிளாத்தோன்னு சொல்ற அந்த கோன் வெச்ச மைதானத்துல இறங்கினா, வாழ்க்கைல மொத தடவையா வண்டிய தொட்ட பதினெட்டு வயசு கிரெயோல் பொண்ணு அலட்டிக்காம முடிச்சிட்டு போவுது, நம்மாளு அரைவட்டத்துல கால ஊனிட்டு மோனித்தர் (சொல்லிக் குடுக்குறவர்) மூஞ்ச பாத்துட்டு நிக்குறாரு. திறமை இல்லாம இல்ல. ஊர் ரோட்டுல நம்மள உசுரோட வெச்சிருந்த அதே பழக்கம்தான் இங்க கால வாருது. அதனால இத பாடம் மாதிரி எழுதல, உங்களுக்கு என்ன கோளாறு வருதோ அந்த இடத்துக்கு நேரா போய் படிச்சுக்கோங்க.

அதுக்கு முன்னாடி பரீட்சை பத்தி சுருக்கமா. பிரான்ஸ்ல என்ன விதியோ அதே தான் இங்கயும். 18 வயசுல எடுக்குறது ஏ2ங்குற வகை பெர்மி, அதுக்கு வண்டியோட பவர் 35 கிலோவாட்டுக்கு மேல போவக்கூடாது. பெரிய ஏ பெர்மிய நேரா எடுக்க முடியாது, ஏ2 வாங்கி 2 வருசம் ஆனப்பறம் 7 மணி நேர பயிற்சி போய் தான் வாங்கணும். கோட் மோட்டோங்குற கேள்வி-பதில் பரீட்சைல 40 கேள்வி, 35 சரியா இருக்கணும். பயிற்சி குறைஞ்சது 20 மணி நேரம், அதுல 8 மைதானத்துல, 12 ரோட்டுல. மைதான பரீட்சைய 2020 மார்ச்சுல மாத்தி அமைச்சாங்க, இப்ப எஞ்சின் இல்லாம தள்றது, கோனுக்கு நடுவுல மெதுவா போறது, பின்னாடி ஆள் வெச்சு போறது, 50ல அவசர பிரேக், 50ல விலகிப் போறதுன்னு எல்லாம் அதுல வந்துடும். வண்டிய கீழ போட்டா அன்னிக்கு கதை முடிஞ்சது.

கியர் போட்டதும் வண்டி ஆஃப் ஆவுது, இல்ல ஸ்டார்ட்டே ஆவல

இது கோளாறே இல்ல. சைடு ஸ்டாண்ட எடுக்காம கியர் போட்டா இந்த மோட்டோ எக்கோல் வண்டிங்க தானா எஞ்சின நிறுத்திடும், ஊர்ல ஓட்டின பழைய வண்டில அப்படி இல்லாததால நம்மாளுங்க கிளட்ச் மேல சந்தேகப்பட்டு திரும்பத் திரும்ப ஸ்டார்ட் பண்ணுவாங்க. ஸ்டாண்ட பாருங்க, வலது கைப்பக்கம் சிவப்பு சுவிட்ச பாருங்க, கிளட்ச முழுசா புடிச்சிருக்கீங்களான்னு பாருங்க. இதுல ஏதோ ஒண்ணு தான்.

எஞ்சின் இல்லாம தள்ளும்போதே சாயுது

ஸ்ப்ளெண்டர் 112 கிலோ சொச்சம், மோட்டோ எக்கோல்ல குடுக்குற சிபி500, எம்டி07 மாதிரி வண்டி 190 கிலோ பக்கம். ஸ்ப்ளெண்டர ஹேண்டில புடிச்சு கை பலத்துலயே இழுத்து திருப்பிடலாம், இத முடியாது. வண்டியோட இடது பக்கம் நின்னு இடுப்ப சீட்டு ஓரத்துல ஒட்டி வெச்சுக்கோங்க, வண்டி லேசா உங்க பக்கம் சாஞ்சிருக்கணும், பாரத்த தாங்குறது இடுப்பு தான், கை வெறும் திசை காட்ட. வலது கைல ரெண்டு விரல் முன் பிரேக் மேல எப்பவும் இருக்கணும். வலது பக்கம் திருப்பும்போது தான் நிறைய பேருக்கு வண்டி அந்தப்பக்கம் வுழுது, ஏன்னா ஹேண்டில் உங்கள விட்டு விலகிப் போவுது, நீங்க எட்டிப் புடிக்குறீங்க, இடுப்பு விட்டுப் போவுது, அவ்ளோதான். எட்டாதீங்க, ரெண்டு சின்ன அடி வெச்சு கூடவே போங்க. பின்னால தள்ளும்போது டயர பாக்காம போக வேண்டிய இடத்த திரும்பிப் பாருங்க. குள்ளமா இருக்கேன் பலம் இல்லைன்னு சொல்ற நம்ம பொண்ணுங்க இத சீக்கிரம் புடிச்சுக்கிறாங்க, கை பலத்த நம்பி வர்ற ஆம்பளைங்க தான் கீழ போடுறாங்க.

மெதுவா போற இடத்துல கால் தரைல படுது, கோன் வுழுது

அதிகம் பேரு மாட்டுறது இங்க தான், அதனால கொஞ்சம் பொறுமையா. ஆர்டிஓல எட்டு போட்டப்ப நாம என்ன பண்ணோம், ஒரே வேகத்துல கொஞ்சம் ஆக்சிலேட்டர் குடுத்து சுத்தினோம், கால் படாம வந்தா போதும். இங்க வேகம் அதவிட கம்மி, இடம் குறுகல், வண்டி கனம். கால் ஏன் படுதுன்னு தெரியணும்னா மொதல்ல எஞ்சின் சத்தத்த கேளுங்க, இல்ல கூட இருக்குறவர கேக்க சொல்லுங்க.

சத்தம் ஏறி எறங்கி ஏறி எறங்கி வருதா, அப்ப பிரச்சனை வலது கை. ஹேண்டில திருப்பும்போது மணிக்கட்டும் சேந்து திரும்பி ஆக்சிலேட்டர தெரியாமலே முறுக்குது. இந்த வண்டிங்களுக்கு ஆக்சிலேட்டரே குடுக்காம மொத கியர்ல கிளட்ச விட்டாலே நடை வேகத்துல தானா போவும், அத மொதல்ல பண்ணிப் பாருங்க, வலது கைய சும்மா வெச்சுட்டு. தானா போவுதுன்னு உடம்பு நம்பினா பாதி வேலை முடிஞ்சது. அதுக்கப்பறம் லேசா ஒரு இடத்துல ஆக்சிலேட்டர நிறுத்தி வெச்சு, வேகத்த கிளட்சாலயும் பின் பிரேக்காலயும் மட்டும் கூட்டிக் குறைங்க.

சத்தம் ஒரே மாதிரி இருக்கு ஆனா வண்டி குலுங்கி குலுங்கி போவுதா, அப்ப கிளட்ச். ஊர் டிராஃபிக்ல நாம கிளட்ச ஒண்ணு முழுசா புடிப்போம் இல்ல முழுசா விடுவோம், நடுவுல இருக்குறது பெட்ரோல் வேஸ்ட்டு, பிளேட்டு தேயும்னு மெக்கானிக் திட்டுவாரு. இங்க அந்த நடுவுல தான் பரீட்சையே நடக்குது. வண்டி இழுக்க ஆரம்பிக்குற அந்த அரை இஞ்ச்ல லீவர வெச்சு மூச்சு விடுற அளவு அசைச்சா போதும். முழுசா புடிச்சீங்கன்னா பின் சக்கரத்துக்கு இழுப்பு போயிடும், இழுப்பு போனா நிமுத்துறதுக்கு ஒண்ணுமில்ல, அந்த நொடி வண்டி வுழ ஆரம்பிக்கும். கால் படுற பத்து தடவைல பாதிக்கு மேல இந்த பயத்துல கிளட்ச் புடிக்குறது தான்னு எனக்கு தோணுது, மத்தவங்க வேற சொல்லலாம்.

சத்தமும் சரி, குலுங்கலும் இல்ல, ஆனாலும் கோன் மேல தான் போவுதுன்னா, கண்ணு. எந்த கோன பாக்குறீங்களோ அது மேல தான் வண்டி ஏறும். தைப்பூசத்துக்கு இங்க சேன் ஆந்த்ரே ஊர்ல காவடி தூக்கிட்டு போறவங்கள பாத்திருப்பீங்களே, தோள்ல அவ்ளோ கனம், ஒருத்தரும் காலப் பாத்து நடக்க மாட்டாங்க. அதே தான். இந்த கோன் ஓரம் வந்ததும் கண்ணு அடுத்ததுக்கு போயிடணும், அங்க வந்ததும் அதுக்கும் அடுத்தது, கழுத்தே திரும்பணும், கருவிழி மட்டும் ஓரமா பாத்தா போதாது. ஊர்ல பள்ளம், ஸ்பீட் பிரேக்கர், நாய் எல்லாத்துக்காகவும் சக்கரத்துக்கு முன்னாடி ரெண்டு மீட்டர பாத்து ஓட்டி பழகின கழுத்து இது, ஒரு நாள்ல மாறாது.

இன்னொன்னு, முன் பிரேக். ஹேண்டில் திரும்பியிருக்கும்போது மெதுவான வேகத்துல முன் பிரேக்க தொட்டா வண்டி உள்பக்கமா பொத்துன்னு வுழும். மெதுவா போற பகுதி முழுக்க வலது கை விரல் நாலும் ஆக்சிலேட்டர் புடில இருக்கட்டும், லீவர் மேல வெக்காதீங்க, வலது கால் மட்டும் பின் பிரேக்க லேசா அழுத்தி வெச்சிருக்கட்டும்.

அரைவட்டம் திரும்பும்போது கோட்ட தாண்டுது

மேல சொன்ன கண்ணு விசயம் தான், ஆனா கூட ஒண்ணு. வண்டிய சாய்க்க பயந்து உடம்போட சேத்து நேரா வெச்சு ஹேண்டில மட்டும் திருப்பினா வட்டம் பெருசாவும். மெதுவான வேகத்துல வண்டி மட்டும் சாயட்டும், உங்க இடுப்பு கொஞ்சம் வெளிப்பக்கமா நகரட்டும், வெளிப்பக்க பாதத்துல அழுத்தம் குடுங்க. உள்ள நுழையும்போதே எதிர் ஓரத்துல இருந்து நுழைங்க. தாடை தோளுக்கு நேரா வர அளவு கழுத்து திரும்பலன்னா மீதி எதுவும் வேலை செய்யாது.

தனியா நல்லா வருது, பின்னாடி ஆள் ஏறினதும் தள்ளாடுது

ஊர்ல மூணு பேரு, நடுவுல குழந்தை, டேங்க் மேல காய்கறி பைன்னு போனவங்களுக்கு இது சிரிப்பா தான் இருக்கும். ஆனா அங்க வேகம் இருந்தது. இங்க பின்னாடி 70 கிலோ ஏறினதும் கனம் பின்பக்கம் போயி முன் சக்கரம் லேசாவுது, ஹேண்டில் பஞ்சு மாதிரி ஆயிடுது, நீங்க அத கைல இறுக்கிப் புடிக்குறீங்க, இறுக்குனா ஒவ்வொரு அசைவும் ஹேண்டிலுக்கு போவுது. முழங்கைய தளர்த்துங்க, முட்டிய டேங்க்ல அழுத்துங்க. பின்னாடி உக்கார்றவர்கிட்ட ஏறுறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க: நான் தலையாட்டினப்பறம் ஏறு, ஏறினப்பறம் அசையாத, திருப்பத்துல எதிர்ப்பக்கம் சாயாத. அவர் ஏறும்போது உங்க ரெண்டு காலும் தரைல, முன் பிரேக் அழுத்தி இருக்கணும். அவருக்கும் ஹெல்மெட் கையுறை எல்லாம் கட்டாயம்.

அவசர பிரேக்: நிக்க வேண்டிய கோட்ட தாண்டி நிக்குது

"முன் பிரேக் புடிக்காதடா, குப்புற வுழுவ"ன்னு மாமா சித்தப்பா எல்லாரும் சொல்லி வளத்தாங்க. மணல் கிடக்குற தெருவுல, ஏபிஎஸ் (பிரேக் புடிக்கும்போது சக்கரம் பூட்டிக்காம பாத்துக்குற அமைப்பு) இல்லாத வண்டில அது சரியான புத்தி தான். ஆனா நல்ல தார்ல நேரா போற வண்டிய பிரேக் புடிச்சா கனம் பூரா முன் சக்கரத்துக்கு போவுது, நிறுத்துற வேலைல பெரும்பங்கு முன் பிரேக்குது தான், பின் சக்கரம் அப்ப தரைய தொட்டும் தொடாம இருக்கும். வெறும் காலால நிறுத்தப் பாத்தா பரீட்சை கோட்டுக்குள்ள நிக்கவே நிக்காது.

எப்படி புடிக்குறதுன்னா, டக்குன்னு இழுக்காதீங்க, மொத ஒரு துளி அழுத்தி முன் ஷாக் இறங்குறத உணருங்க, இறங்கினதும் மிச்ச பலம் பூரா குடுங்க. ரெண்டும் சேந்து ஒரு நொடிக்குள்ள நடக்கணும். பின் பிரேக் கூட லேசா. லீவர்ல டடடடன்னு உதறினா அது ஏபிஎஸ், பயந்து விட்டுடாதீங்க, நம்மாளுங்க நிறைய பேரு அங்க தான் விடுறாங்க, அழுத்திக்கிட்டே இருக்கணும். கிளட்ச நிக்கப்போற கடைசில புடிச்சா போதும், ஆஃப் ஆவாம இருக்க. கை நேரா நீட்டி டேங்க்க முட்டியால இறுக்கிக்கோங்க, பார்வை தூரத்துல. கீழ பாத்தீங்கன்னா வண்டி நிக்கும்போது ஒரு பக்கமா சாஞ்சு தான் நிக்கும், அப்ப கால் வழுக்கினா வுழுவீங்க.

வேகத்துல ரெண்டு பக்கமும் தப்பு நடக்குது. 50 கட்டாயம், ஐரோப்பிய விதியே அது தான், ஆனா ஸ்பீடோமீட்டர் நிஜ வேகத்த விட கம்மியா காட்டக்கூடாதுன்னும் அங்க விதி இருக்குறதால அது எப்பவும் கொஞ்சம் கூட்டி தான் காட்டும். முள்ளுல 50 இருந்தா நிஜத்துல 47ஓ 48ஓ இருக்கலாம். அதனால 53, 54 காட்டுற மாதிரி போங்க. அதுக்காக பயத்துல 60ல போவாதீங்க, நிக்குற தூரம் வேகத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி ஏறும், 50ல சுமார் 14 மீட்டர்ல நிக்குற அதே பிரேக் 60ல 20 மீட்டர் கேக்கும். குறிப்பிட்ட இடத்துக்கு முன்னாடியே ஆக்சிலேட்டர விட்டு வேகத்த குறைக்குறதும் எடுபடாது, கவனிக்குறாங்க.

மழை நாள்ல, இங்க ஜனவரி பிப்ரவரில அது சாதாரணம், அதே முறை தான், மொத அழுத்தம் மட்டும் இன்னும் மெதுவா ஆரம்பிக்கணும், வெள்ளக் கோட்டு பெயிண்டு மேல சக்கரம் இருக்கக்கூடாது.

விலகிப் போற இடத்துல வண்டி திரும்பவே மாட்டேங்குது

50ல போயி திடீர்னு ஒரு தடைய விலகணும். உடம்ப சாய்க்கிறோம், தோள சாய்க்கிறோம், வண்டி நேரா போயி கோன்ல இடிக்குது. மோனித்தர் சொல்ற "கோந்த்ர பிராக்காஜ்" இது தான், கேட்டா குழப்பமா இருக்கும் செஞ்சா எளிசு: இடது பக்கம் போகணும்னா இடது கைப்பிடிய முன்னால தள்ளுங்க. ஆமா, தள்ளணும். ஹேண்டில் ஒரு கணம் வலதுக்கு திரும்பும், வண்டி இடதுக்கு சாயும், சாஞ்ச பக்கம் போவும். எட்டு போட்ட வேகத்துல இது தெரியாது, 30க்கு மேல எல்லா வண்டியும் இப்படி தான் திரும்புது, நீங்களும் இத்தன வருசம் இதான் பண்ணிட்டு இருந்தீங்க, கவனிச்சதில்ல. தாண்டினதும் எதிர்ப்பக்க கைப்பிடிய தள்ளினா நிமுந்து வரும், இந்த ரெண்டாவது தள்ளு மொத தள்ள விட பலமா இருக்கணும், அத மறந்து தான் நிறைய பேரு வெளிக் கோட்ட தாண்டிப் போறாங்க. இது நடக்கும்போது பிரேக் தொடாதீங்க, ஆக்சிலேட்டர் அப்படியே இருக்கட்டும்.

பயிற்சி மணி நேரம் காசு, அதனால ராத்திரி சூப்பர்மார்க்கெட் பார்க்கிங்ல தம்பி வண்டிய வாங்கி ஓட்டிப் பாக்கலாம்னு ஒரு யோசனை எல்லாருக்கும் வரும். வேணாம். பொதுமக்கள் வர்ற இடம் எல்லாம் ரோடு கணக்கு தான், பெர்மி இல்லாம மாட்டினா வேற கேஸ், இடிச்சா நஷ்டஈடு பூரா உங்க தலைல வந்து நிக்கும். சைக்கிள எடுங்க. கைப்பிடிய தள்றது, கண்ணு அடுத்த குறிய பாக்குறது, பின் பிரேக்க லேசா புடிச்சுக்கிட்டே நடை வேகத்துல வளையுறது எல்லாமே சைக்கிள்ல அப்படியே வரும், காசும் இல்ல.

பயிற்சில எல்லாம் வருது, பரீட்சை அன்னிக்கு கை நடுங்குது

நடுக்கத்துக்கு மருந்து என்கிட்ட இல்ல, ஆனா நடுக்கம்னு நினைக்குறதுல பாதி கையுறை. புதுசா சிஇ முத்திர (ஐரோப்பிய தர முத்திர) போட்ட தடிமனான கையுறைய பரீட்சைக்குன்னு வாங்கி அன்னிக்கு தான் மொதல்ல போடுறாங்க, லீவர் எங்க கடிக்குதுன்னு விரலுக்கு தெரியல. மொத நாள்ல இருந்து அதே கையுறை, அதே பூட்ஸ். கணுக்கால மூடுற பூட்ஸ் கட்டாயம், செருப்புல ஓட்டின காலுக்கு கியர் லீவர் எங்க இருக்குன்னே தெரியாது ரெண்டு வாரத்துக்கு. லீவர் எட்டலன்னா அதுல ஒரு சின்ன திருகு சக்கரம் இருக்கும் பாருங்க, மோனித்தர்கிட்ட கேட்டு கிட்ட கொண்டு வந்துக்கோங்க, வெக்கப்படாதீங்க. வெயில் மாசத்துல ஜாக்கெட்டு பூட்ஸ் போட்டுட்டு வரிசைல காத்துட்டு இருந்தா தண்ணி வத்திப் போயி தலை கிறுகிறுக்கும், முன்னாடியே குடிச்சிடுங்க.

ரோட்டுல இறங்கினதும் தலை தப்பான பக்கம் திரும்புது

மைதானம் முடிஞ்சு ரோட்டு பரீட்சை. இன்ஸ்பெக்டர் பின்னாடி கார்ல வருவாரு, காதுல மாட்டின ரேடியோல சொல்லுவாரு. இங்க வலது பக்கம் ஓட்டணும்னு தெரியும், நேர் ரோட்டுல யாரும் தப்பு பண்றதில்ல. காலி ரோட்டுல இடதுபக்கம் திரும்பினப்பறம் தான் உடம்பு ஊர் பக்கத்த தேடும், திரும்பும்போதே வாய்க்குள்ள "வலது, வலது"ன்னு சொல்லிக்கோங்க. ரவுண்டானால வண்டி இடது கைப்பக்கத்துல இருந்து வரும், நம்ம தலை பழக்கத்துல வலதுக்கு திரும்பும். ஆனா சின்ன தெருவுங்க சேர்ற இடத்துல போர்டு எதுவும் இல்லன்னா வலது பக்கத்துல இருந்து வர்றவருக்கு தான் முன்னுரிமை. ரெண்டும் எதிரெதிரா இருக்குறதால குழம்பும், அதனால நடு ஊர்ல ஒவ்வொரு சந்துக்கும் வேகத்த குறைச்சு பாருங்க, பாக்குறது அவருக்கு தெரியற மாதிரி தலைய திருப்பிப் பாருங்க. கண்ணாடி மட்டும் பத்தாது, லேன் மாறும் முன்னாடி தோளுக்கு மேல ஒரு பார்வை வேணும்.

இண்டிகேட்டர் தானா நிக்காது பெரும்பாலான வண்டில, திரும்பினதும் நடு பட்டன அழுத்தி அணைக்கணும். ஹார்ன்ல கையே வெக்காதீங்க, ஊர்ல அது வணக்கம் சொல்ற மாதிரி, இங்க திட்டுற மாதிரி.

ஜூலைல இருந்து டிசம்பர் வரைக்கும் கரும்பு வெட்டுற காலம், புவா ரூழ், கோல் சர்க்கரை ஆலைங்களுக்குப் போற பக்கம் கஷாலோன்னு சொல்ற பெரிய கரும்பு லாரிங்க கரும்புத் துண்டையும் மண்ணையும் சிந்திட்டே போவும், ரவுண்டானா வளைவுல அது கிடந்தா எண்ணெய் மாதிரி வழுக்கும். நேரா நிமுந்து தாண்டுங்க, சாஞ்சுட்டு தாண்டாதீங்க. லாரி பின்னாடி ஒட்டாதீங்க.

ரேடியோல சொல்றது புரியல

பிரெஞ்சு வேகமா வரும், ஹெல்மெட்டுக்குள்ள காத்து வேற. துருவாத், கோஷ், தூ த்ருவா, தெமி தூர், ரோன் புவான் மொத சோர்த்தி, ரெண்டாவது சோர்த்தி, இவ்ளோ தான் பெரும்பாலும் வரும். கோஷ்னா இடது, தெமி தூர்னா திரும்பி வந்த வழியே போறது, ரோன் புவான்னா ரவுண்டானா, சோர்த்தின்னா வெளிய போற வழி. துருவாத்னா வலது, தூ த்ருவான்னா நேரா, காதுல இந்த ரெண்டும் ஒண்ணு போல கேக்கும், அதுல தான் மாட்டுவாங்க. தப்பான ரோட்டுல போயிட்டீங்கன்னா அதுக்காக ஃபெயில் இல்ல, ஒழுங்கா சிக்னல் போட்டு பத்திரமா திரும்பினீங்களான்னு தான் பாப்பாங்க. நடு சந்திப்புல "ஐயோ வலதுன்னாரே"ன்னு கடைசி நொடில வெட்டித் திருப்புறது தான் ஃபெயில். போன பக்கமே போங்க, அவரு வேற வழி சொல்லுவாரு.

ரிசல்ட்டு நெட்ல வரும், பாஸ்னா அந்தத் தாள டவுன்லோட் பண்ணி அடையாள அட்டையோட வெச்சுக்கோங்க, கார்டு வர்ற வரைக்கும் 4 மாசம் அதுல ஓட்டலாம், கார்டுக்கு அன்னிக்கே அப்ளை பண்ணிடுங்க.